கொளஞ்சியப்பனைக் காணவில்லை

"கூட யாருங்க?" என்று படகுக்காரன் தமிழில் கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

ஒரியாவிலோ இந்தியிலோ கேட்டிருந்தால் மலர்க்கொடி புரியாத மாதிரி தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்திருப்பாள். அரியலூரில் ரயிலேறி, சென்னையில் மாறி, பத்ரக்கில் இறங்கி, கோழிக்கூடைகளோடு ஒரு பஸ்ஸில் குலுங்கி, இந்த சந்த்பாலி படகுத்துறை வரைக்கும் அவள் அப்படித் தலையாட்டித்தான் வந்து சேர்ந்திருந்தாள். ஒரிஸ்ஸாவின் கடலோரத்தில், கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிய ஒருவன் அரியலூர்த் தமிழில் பேசுவான் என்று யார் கண்டது?

"நீ எப்படிப்பா தமிழ் பேசுற?"

"ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் பேக்டரிங்க. மூணு வருசம் மூட்டை தூக்கினேன். பேரு பைகுண்டா. உக்காருங்க தண்டச்சோறு, உக்காருங்க."

மலர்க்கொடி திடுக்கிட்டாள். ஆனால் அவன் முகத்தில் அத்தனை மரியாதை. கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவரையும் அவன் "தண்டச்சோறு" என்றுதான் கைகூப்பிக் கூப்பிட்டான். மூட்டை தூக்கிய இடத்தில் மேஸ்திரி எல்லாரையும் அப்படிக் கூப்பிட்டிருப்பார். அண்ணன், அக்கா என்கிற மாதிரி அதுவும் ஒரு உறவுமுறை என்று பாவம் மனசில் போட்டுக்கொண்டுவிட்டான்.

"கூட யாருங்க?" விடாமல் மறுபடி கேட்டான்.

"ஏன், தனியா வந்தா ஏத்த மாட்டியா?"

"நான் மட்டுமில்லீங்க, இந்தத் துறையில எவனும் ஏத்த மாட்டான். ஆம்பளையோ பொம்பளையோ, தனி ஆளு வேணாங்க. போன வருசம் ஒரு ஆளு தனியா வந்தாரு. நடு ஆத்துல செருப்பைக் கழட்டி வெச்சாரு. நாங்க நாலு பேரு புடிச்சு இழுத்தோம். அப்புறம் போலீசு, ஸ்டேசன்... இங்க எல்லாரும் முதலை பாக்கத்தாங்க வருவாங்க. தனியா வர்றவங்க எதுக்கு வர்றாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மலர்க்கொடியும் முதலை பார்க்கத்தான் வந்திருந்தாள். அதுவும் ஒரே ஒரு முதலையை.

அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் விசாரணைப் பிரிவில் இருந்தாள். மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். மற்றவர் நம்பரையெல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள். அவள் நம்பரை யாரும் கேட்டதில்லை. இருபது வயதில் விரல் நுனியில் வந்த வெண்புள்ளி மெல்ல மணிக்கட்டுக்கு ஏறி, கழுத்துக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டை நீட்டிய கையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவர்கள் கவலைப்பட்டார்கள். அப்புறம் கவலைப்படக்கூட ஆள் இல்லை. பெரம்பலூரில் இருக்கும் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைத் தொடப் போனபோது தம்பி பெண்டாட்டி பச்சையம்மாள், "நீங்க உக்காருங்க அண்ணி, எதுக்குச் சிரமம்?" என்று பிடுங்கிக்கொண்டாள். மலர்க்கொடிக்கு அந்தச் சிரமம் எந்தச் சிரமம் என்று தெரியும்.

எக்ஸ்சேஞ்சில் கிடந்த வாரப் பத்திரிகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தாள். பிதர்கனிகா சதுப்புக்காட்டில் ஒரு வெள்ளை முதலை. பிறவியிலேயே வெள்ளை. மற்ற முதலைகளோடு விட்டால் கடித்து வைக்கின்றன என்று தனித் தொட்டியில் வைத்திருக்கிறார்களாம். மலர்க்கொடி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். 'அடடே, நம்ம ஆளு ஒண்ணு ஒரிஸ்ஸாவுல இருக்கு' என்று வாய்விட்டே சொன்னாள். ஹாலில் கேட்க யாருமில்லை. அந்த டிசம்பரில் லீவு போட்டுக் கிளம்பிவிட்டாள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்த எவனோ ஒருத்தனுக்காகத் திரும்பிப் போவதா?

"தனியாவா? யாரு சொன்னா?" என்றாள் மலர்க்கொடி. "எங்க வீட்டுக்காரரும் வந்திருக்காரு."

"எங்கங்க?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பின்னால் வருகிறார் என்று சொன்னால் இவன் காத்திருப்பான். எனவே, "அவரு காலையிலயே முன்னாடி படகுல போயிட்டாரு. எனக்குத்தான் தலைசுத்தலா இருந்துச்சு" என்றாள்.

பைகுண்டாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க தண்டச்சோறு! அவரு பேரு என்னங்க?"

ஒரு ரவி, ஒரு சேகர் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அவசரத்தில் அவள் நாக்கில் வந்தது எக்ஸ்சேஞ்ச் வாட்ச்மேன் பெயர்.

"கொளஞ்சியப்பன்."

"கோலாஞ்சி...?"

"அப்பன்."

"அப்பா பேரு வேணாங்க, அவரு பேரு போதும். கோலாஞ்சி பாபு!" என்றான் பைகுண்டா திருப்தியாக. படகு கிளம்பியது.

ஆறு அகலமாக, பால் ஊற்றிய டீ மாதிரி ஓடியது. இரண்டு கரையிலும் அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. ஒரு மரக்கிளையில் உடும்பு ஒன்று வீட்டுக்குச் சொந்தக்காரர் தோரணையில் படுத்திருந்தது. சேற்றுத்திட்டில் அடித்துப் போட்ட பனைமரம் கிடக்கிறதே என்று மலர்க்கொடி பார்த்துக்கொண்டிருந்தபோது, பனைமரம் வாயைத் திறந்தது.

"அய்யோ!"

"சின்னதுங்க," என்றான் பைகுண்டா. "பெருசு உள்ள இருக்கு. கோலாஞ்சி பாபு பாத்திருப்பாரு. அவரு என்ன வேலைங்க?"

"அவரும் டெலிபோன்ஸ்தான்."

"உங்களை நல்லா வெச்சிருக்காருங்களா?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க முகாந்திரம் இருந்ததில்லை. "ம். ரொம்ப நல்ல மாதிரி," என்றாள். "ஆபீஸ்லேர்ந்து வந்தா அவரே டீ போட்டுக் குடிச்சுக்குவாரு. எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பாரு." சொல்லி முடித்ததும், டம்ளரில் டீ நிஜமாகவே ஆறிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

காட்டு நடுவே இருந்த வனத்துறை முகாமில் இறங்கினார்கள். படகை விட்டு அவள் கால் வைப்பதற்குள் பைகுண்டா உதவி செய்யக் கிளம்பிவிட்டான்.

"நீங்க நில்லுங்க. நான் போயி கோலாஞ்சி பாபுவைக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்ப்பா, நானே..."

போய்விட்டான். திரும்பி வந்தபோது கூடவே இரண்டு காவலர்களும், நரைத்த மீசை வைத்த ரேஞ்சர் ஒருவரும் வந்தார்கள். நால்வர் முகத்திலும் ஒரே கவலை.

"இன்னைக்கு வந்த எந்தப் படகுலயும் அப்படி ஒரு ஆளு வரலைங்களாம்," என்றான் பைகுண்டா. "கேட்ல பேரே இல்ல."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு ஆண்கள் ஒரே நேரத்தில் அவள் முகத்தையே கவலையோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை என்பதா, தைரியம் வரவில்லை என்பதா, தெரியவில்லை.

"அவரு கேட் வழியா வந்திருக்க மாட்டாரு," என்றாள். "அவருக்கு நடக்கறதுன்னா ரொம்ப இஷ்டம். முன்னாடியே எங்கயாச்சும் எறங்கி, பறவை பாத்துகிட்டே நடந்து வருவாரு."

பைகுண்டா மொழிபெயர்த்தான். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார்.

"கரையோரமா நடந்தாருங்களா? அங்கதாங்க முதலைங்க வெயில் காயும்," என்றான் பைகுண்டா.

"நீச்சல் தெரியும் அவருக்கு!" என்றாள் மலர்க்கொடி அவசரமாக, அவர்களைச் சமாதானப்படுத்த.

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் ரேஞ்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நீச்சல் தெரிஞ்சவங்கதான் தண்ணியில எறங்குவாங்களாம்," என்றான் பைகுண்டா. "தெரியாத ஆளுன்னா பயமில்லையாம்."

"இல்லல்ல, அவ்வளவா தெரியாது."

"அப்ப தவறி விழுந்திருந்தா?"

கொளஞ்சியப்பன் பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அவரை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் செத்துப்போகிறார்.

"என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு?"

"பச்சை," என்றாள்.

எல்லோரும் திரும்பிக் காட்டைப் பார்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் பச்சை. ஒரு காவலர் "ஜெகந்நாதா!" என்று பெருமூச்சு விட்டார்.

அதன்பிறகு காரியங்கள் அவள் கையை மீறிப் போயின. ஒயர்லெஸ்ஸை எடுத்தால் அன்றைக்குப் பார்த்து அது கரகரவென்று இருமியதே தவிர பேசவில்லை. மூன்று படகுகள் மூன்று கால்வாய்களுக்குள் புகுந்தன. ஒரு படகில் மெகாபோனோடு ஒரு காவலர் நின்றார். "கோலாஞ்சி பாபூ! கோலாஞ்சி பாபூ!" என்ற கூப்பாடு சதுப்புக்காட்டைச் சுற்றி வந்தது. மான்கள் தலைதெறிக்க ஓடின. கொக்குகள் எழுந்து பறந்தன. அங்கே அரியலூர் எக்ஸ்சேஞ்ச் வாசலில், அசல் கொளஞ்சியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் புரையேறியிருக்க வேண்டும்.

முதலில் திரும்பி வந்த காவலர் ஒரு கம்பு நுனியில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். ஒற்றை ரப்பர் செருப்பு.

"இது அவரோடதுங்களா?" என்றான் பைகுண்டா மெல்ல.

"இல்ல! நிச்சயமா இல்ல!" என்று அலறினாள் மலர்க்கொடி.

அவள் அலறிய விதத்தைப் பார்த்து எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, பாவம் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

ரேஞ்சர் தள்ளிப் போய்க் காவலர்களிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பைகுண்டா வந்து சொல்லத் தயங்கினான்.

"என்னப்பா?"

"மேல கால்வாய்ல ஒரு பெருசு இருக்குங்க. காலையிலேர்ந்து வயிறு உப்பிப் போயி அசையாமக் கெடக்காம். அதைப் புடிச்சு..." அவன் வயிற்றைத் தடவிக் காட்டினான். "பாக்கலாமான்னு பெரிய ஆபீசரைக் கேக்கப் போறாங்களாம்."

மலர்க்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முதலை என்ன பாவம் செய்தது? தின்றதை வயிற்றில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. பிறக்காத ஒரு மனிதனைத் தின்றதாக அதன் மேல் பழி!

"அதைத் தொடாதீங்க! அது ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினாள்.

"எவ்வளவு நல்ல மனசு," என்று பைகுண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புருசனைத் தின்ன முதலைக்குப் போயி இரக்கப்படுறீங்களே தண்டச்சோறு." அவனும் தேடப் போகிறேன் என்று படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இருந்த ஒரே தமிழும் போயிற்று.

முகாமில் சமைக்கிற அம்மாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பருத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். பேச்சு புரியாது என்று தெரிந்ததும் பேசவில்லை. டீயை ஆற்றிக் கொடுத்தாள். பிறகு மலர்க்கொடியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்தக் கையைத்தான், புள்ளிகளோடு இருந்த அதே கையை. குனிந்து பார்த்தாள், ஒன்றும் நினைக்காமல் தடவிக் கொடுத்தாள்.

மலர்க்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. நாசூக்காக வந்திருந்தாலும் பரவாயில்லை. விம்மி விம்மி, மூக்கு ஒழுக, தோள் குலுங்க வந்தது. அரியலூர் போய்ச் சேர்ந்தால் பூட்டைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட வேண்டியது அவளேதான் என்பதற்காக வந்தது. அவள் ராத்திரி காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிடுவதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் போனதற்காக வந்தது. கொளஞ்சியப்பனுக்காகவும் கொஞ்சம் வந்தது. நல்ல மனுஷன். டீ எடுத்து வைப்பார்.

அவள் அழுவதைப் பார்த்து சமையல்கார அம்மாளும் அழுதாள். வாசலில் நின்ற காவலர் தொப்பியைக் கழற்றினார். இனிமேல் யார் வந்து சொன்னாலும் கொளஞ்சியப்பன் என்று ஒருத்தர் இருந்ததே இல்லை என்று அங்கே ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

அழுது ஓய்ந்து, முகம் கழுவ என்று எழுந்து பின்பக்கம் போனாள். அங்கே கம்பிவேலிக்கு உள்ளே ஒரு தொட்டி. கரையில் அது படுத்திருந்தது.

வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. பழைய தந்தம் மாதிரி ஒரு மங்கல் வெள்ளை. படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. பக்கத்தில் எதுவும் இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை. கண்ணைத் திறந்து அவளை ஒருதரம் பார்த்தது, மூடிக்கொண்டது. வந்திருப்பது யார், கூட யார், எதற்குத் தனியாக வந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை.

"என்னடியம்மா, சௌக்கியமா?" என்றாள் மலர்க்கொடி. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். என்னால உங்க ஆளு ஒருத்தன் வயித்தை அறுக்கப் போறாங்க."

முதலை அசையவில்லை. ஆனால் அதனிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடம் சொல்வது அத்தனை கஷ்டமாகத் தெரியவில்லை. அவமானம்தானே, பழகினதுதானே. நேராக ரேஞ்சரிடம் போனாள். விசாரணைப் பிரிவில் பேசிப் பழகிய இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டினாள்.

"சார். நோ ஹஸ்பண்ட்."

ரேஞ்சரின் கண்கள் கலங்கின. "நோ நோ, மேடம். டோன்ட் லூஸ் ஹோப்."

"நோ சார். ஐ நோ ஹஸ்பண்ட். நெவர் ஹஸ்பண்ட்!"

"டோன்ட் சே லைக் தட், மேடம்," என்று ரேஞ்சர் தழுதழுத்தார். "காட் இஸ் தேர்."

சமையல்கார அம்மாளைக் கூப்பிட்டு, இந்தம்மாவைத் தனியாக விடாதே என்று சைகை காட்டினார். அந்த அம்மாள் வந்து இடுப்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மலர்க்கொடிக்கு மூச்சு முட்டியது. பைகுண்டா வந்தால்தான் விமோசனம் என்று ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் படகுச் சத்தம் கேட்டது. தூரத்திலேயே பைகுண்டா எழுந்து நின்று துண்டைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"கெடச்சுட்டாருங்க! உசுரோட கெடச்சுட்டாருங்க!"

முகாமே கரைக்கு ஓடியது. மலர்க்கொடியையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். படகின் பின்பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்வழுக்கை. மடியில் ஒரு ரெக்ஸின் பை. தலையைக் குனிந்துகொண்டு, ஏதோ திருட்டுக் கேஸில் பிடிபட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கடல்முனை காவல்கோபுரத்துல தனியா உக்காந்திருந்தாருங்க," என்று மூச்சிரைக்கச் சொன்னான் பைகுண்டா, கரையில் குதித்தபடி. "நேத்தே வேற படகுல வந்துட்டாராம். தமிழ்க்காரருதாங்க! பேரு மட்டும் கோலாஞ்சி இல்லைங்கிறாரு. உங்க சம்சாரம் அழுதுகிட்டிருக்காங்க, வாங்கன்னு தூக்கிப் போட்டுக் கொண்டாந்துட்டோம்."

காவலர்கள் கை தட்டினார்கள். ரேஞ்சர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சமையல்கார அம்மாள் மலர்க்கொடியை முன்னால் தள்ளினாள்.

மலர்க்கொடி பைகுண்டாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். இதைவிட்டால் இனி வாய்ப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"பைகுண்டா, நல்லாக் கேட்டுக்க. அந்த ஆளை நான் பாத்ததே இல்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. தனியா வந்தா படகுல ஏத்த மாட்டேன்னு சொன்னதால, வீட்டுக்காரரு முன்னாடி போயிட்டாருன்னு நான் பொய் சொன்னேன். கொளஞ்சியப்பன்னு ஒருத்தரும் இல்ல. பாவம் அந்த மனுஷன், அவரை விட்டுடுங்க."

பைகுண்டா வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். படகில் குனிந்து உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"வழி பூரா அவரும் இதையேதாங்க சொல்லி அழுதுகிட்டு வந்தாரு: 'பொண்டாட்டி அடுத்த படகுல வர்றான்னு நேத்து நான் சொன்னது பொய்யிடா, இப்ப எந்த அம்மாவைக் கொண்டாந்து என் தலையில கட்டப் போறீங்க'ன்னு!"